அவர்கள் கொண்டுவந்த சொற்கள்

வில்ஃப் கார்பட்டைப் பார்க்க வந்தவர்கள் திராட்சையோடு ஒரு சொல்லையும் கொண்டுவந்தார்கள். திராட்சையை மேசைமேல் வைத்தார்கள். சொல்லை அவர்மேல் வைத்தார்கள்.

ஹல் துறைமுகத்தில், ஹெசல் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில், அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஐஸ்லாந்துக்கும் வடக்கே போய் மீன் பிடித்த கப்பல்களில் வேலை செய்தவர். கப்பல்கள் நின்றுபோனதும் பேருந்துப் பணிமனையில் தரை கழுவினார். வயதான பிறகு குடலில் புற்றுநோய் வந்தது.

இந்த ஊர்க்காரர்கள் துணிச்சலை உடம்புக்குள் வைத்திருக்கிறார்கள். முதுகெலும்பு உள்ளவன் என்பார்கள், மேலுதடு நடுங்காதவன் என்பார்கள். குடல் உள்ளவன் என்பதுதான் பெரிய பாராட்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அதை மட்டும் யாரும் வில்ஃபிடம் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

"பாதிய டாக்டர் வாளியில போட்டுட்டாரு. மிச்சம் இருக்கறத வச்சு ஓட்டிட்டு இருக்கேன்."

கூடக் கப்பலில் போன டெரெக் ஞாயிறுதோறும் வருவார். "மேல இருக்கறவனுக்கே உன்னச் சேத்துக்கப் பயம்டா கிழவா. நீ ஃபைட்டரு" என்பார். லீட்ஸில் இருக்கும் மகள் ஜானிஸ், அப்பா எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நர்ஸிடம் சொன்னாள், ரொட்டிக் கடையிலும் சொன்னாள். வில்ஃப் தலையாட்டுவார். மருந்து ஏற்றிக்கொள்ளப் போவார். திரும்பி வந்து பல நாள் வாந்தி எடுப்பார்.

மூன்றாவது சுற்று செவ்வாய்க்கிழமை தொடங்க வேண்டும். அது சில வாரங்களைக் கொடுக்கலாம், இருக்கிற வாரங்களைப் பறிக்கவும் செய்யலாம், நீங்களே முடிவெடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வில்ஃபுக்கு வேண்டாம். வேண்டாம் என்ற சொல்தான் வாயில் வரவில்லை.

அந்த நாள்களில் பட்டப்பகலில் சுவருக்கு அந்தப் பக்கம் டி.வி. திடீரென்று ஊமையாகும். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வில்ஃப் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அவர் மனைவி ஐரீன் சொன்னார். ஐஸ் வெட்டும் சத்தம் கேட்கிறது என்பாராம்.

சனிக்கிழமை மத்தியானம் ஐரீனிடம் ரானி பிளாஸ்கெட்டைப் பற்றிச் சொன்னார். ரானி கப்பலில் அவர் பக்கத்துப் படுக்கைக்காரன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தக் கடலில் குளிர்காலத்தில் கயிறு, பாய்மரம், கைப்பிடி எல்லாவற்றிலும் பனி உறைந்து ஏறும். வெட்டித் தள்ளாவிட்டால் கனம் தாங்காமல் கப்பல் கவிழும். எல்லோரும் கோடாரியோடு நின்றார்கள். கை மரத்துப்போய் ரானி அழுதான். கொஞ்ச நேரம் கீழே போகட்டுமா என்று கேட்டான்.

"முதுகெலும்ப எடுத்துட்டு வந்தியா, இல்ல பொண்டாட்டிகிட்டக் குடுத்துட்டு வந்துட்டியா?" என்றார் கேப்டன்.

எல்லோரும் சிரித்தார்கள். வில்ஃபும் சிரித்தார். ரானி திரும்பிப் போய் நின்றான். ஓர் அலை ஏறி இறங்கியது. அவன் நின்ற இடத்தில் கோடாரி மட்டும் கயிற்றில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது.

தேவாலயத்தில் ரானியை அஞ்சாதவன் என்றார்கள், கடைசிவரை தளராதவன் என்றார்கள். அவன் அம்மா வில்ஃபிடம் அது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றார் வில்ஃப்.

"எல்லாம் அவனோட வார்த்தைங்க ஐரீன். இப்ப எங்கிட்டக் கொண்டாந்து குடுக்கறாங்க. அவனும் வந்து வாசல்ல நிக்கறான், நனைஞ்சுபோய்." பிறகு, "எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

ஐரீன் எழுந்து போய் டீக்குத் தண்ணீர் வைத்தார். அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லையாம்.

துணி துவைக்கும் நாளான திங்கட்கிழமை, தெருவின் எல்லாப் பின்கட்டுகளிலும் துணி ஆடியது. ஐரீனின் கொடி மட்டும் காலியாக இருந்தது. எனக்கு என்னவோ போல இருந்தது. பின்கதவைத் தட்டினேன். ஜானிஸ் திறந்தாள். மறுநாள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதற்காக முதல்நாளே வந்திருந்தாள். அழுக்குக் கூடையை இழுத்துவைத்து மெஷினில் துணி போட ஆரம்பித்தாள்.

"அதுல கை வைக்காத," என்றார் ஐரீன்.

"ஏம்மா? திங்கக்கிழமைதானே."

"உங்கப்பா கப்பல் ஏறுறாரு, கண்ணு."

ஜானிஸ் இந்தத் தெருவில் பிறந்தவள். புருஷன் கடலுக்குப் புறப்படும் நாளில் துணி துவைத்தால் கடல் அவனை அலசிக்கொண்டு போய்விடும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். அவள் வில்ஃபின் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நாளைக்கு மருந்து இருக்கும்மா. அவரு ஃபைட்டரு. நீயே இப்பிடிப் பேசினா எப்பிடி?"

"போதும். அவரப் போகவிடு."

முன்னறைக் கதவு திறந்தே இருந்தது. நாற்காலியில் வில்ஃப் எங்களைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். ஜானிஸ் போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவள் எதையோ சொல்லப்போகிறாள் என்று அவர் முகம் முன்கூட்டியே இறுகியது.

"பயமா இருக்காப்பா?"

வில்ஃப் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இருக்கு கண்ணு. ரொம்ப."

ஜானிஸ் அவருடைய முழங்காலில் தலையைச் சாய்த்தாள். ஐரீன் கூடத்துக்குப் போய், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, நாளைக்கு அவர் வரமாட்டார் என்றார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"அவருக்கு வேண்டாமாம்," என்றார்.