அத்தர் மூக்கும் அண்ணியின் பீரும்

அத்தரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் என் அண்ணியின் கதையைச் சொல்ல அந்த ஆளைத் தொடாமல் முடியாது.

அண்ணியும் நானும் ஒரே சிறிய பீர் ஆலையில் வேலை செய்கிறோம். நான் முன்பக்கம் குழாயில் பீர் பிடித்துக் கொடுப்பவள். அண்ணி பல வருடம் பின்பக்கம் டேங்க் கழுவியவர். கழுவி முடித்து, உள்ளே தலையை விட்டு மோந்து பார்ப்பார். துளி வாடை இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து கழுவுவார். அப்புறம் காய்ச்சவும் கற்றுக்கொண்டு, சொந்தக் கைப்பக்குவத்தில் ஒரு இந்தியா பேல் ஏல் இறக்கினார். ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டுக் காய்ச்சும் கசப்பு பீர் அது. ருசி பார்க்கும் கூட்டத்தில் தேறினால் அண்ணி இனி காய்ச்சுபவர். தேறாவிட்டால் பீர் சாக்கடைக்கு, அண்ணி பழையபடி டேங்குக்கு.

அந்த நாள் நெருங்க நெருங்க எங்கள் வீட்டில் வாசனைக்கே ஊரடங்கு. பீரின் மணம் மூக்குக்குப் பிடிபடாமல் போய்விடுமாம்; பவுடர் கூடாது, வாசனை சோப்பு கூடாது. "கல்யாணமான புதுசுல கூட இவ என்னை இப்படி மோந்து பார்த்ததில்ல" என்று அண்ணன் முனகினார்.

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் பிறகு, கூட்டம் நடந்த ஜன்னல் சாத்திய சின்ன அறைக்குள் ருசி பார்க்க அத்தரும் வந்து உட்கார்ந்தான். முதலாளி மனைவியின் தம்பி. குளிக்கிறானோ இல்லையோ, செண்டில் முழுகி எழுந்து வருவான். அந்தப் பெயரே அதனால் வந்ததுதான்.

ருசி பார்க்க ஒரு முறை உண்டு. முதலில் மோந்து பார்க்க வேண்டும், பிறகு ஒரு வாய் குடித்து விழுங்க வேண்டும். கசப்பு தொண்டைப் பக்கம்தான் தெரியும். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர் நாக்குக்கும் அதுவே தோன்றும். அத்தர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே கத்தினான்.

"சோப்பு அடிக்குது! டேங்க் கழுவக்கூடத் தெரியாதா இவங்களுக்கு?"

அவ்வளவுதான். ஆளாளுக்கு மோந்து பார்த்துவிட்டு, "ஆமா, லேசா அடிக்குது" என்று தலையாட்டினார்கள். ஏன் அடிக்காது? நடுவில் உட்கார்ந்திருந்தவனே ஒரு சோப்புக் கடை!

கிளாஸ் எடுக்கப் போன என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "வாசனை பீர்ல இல்ல சார், உங்க சட்டைல" என்றேன்.

முதலாளி என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். "எனக்கும் தெரியும்மா. அவன்கிட்ட போய்க் குளிச்சிட்டு வான்னு சொல்லிட்டு நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

தெரிந்தே பீர் தேறவில்லை என்று தள்ளினார்! தெரியாமல் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

டேங்க் வால்வை அண்ணியே திறந்துவிட்டார். நுரையும் பீருமாகத் தரையில் ஓடியது. பின்பக்கம் முழுக்க ஆரஞ்சுத் தோலை உரித்த மணம். அண்ணி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் குறைந்திருக்கும்.

முதலாளிக்கு உறுத்தியிருக்க வேண்டும், இன்னொரு முறை காய்ச்சச் சொன்னார். அண்ணி அதே பக்குவத்தில் காய்ச்சினார். டேங்கையும் எப்போதும் போலவே கழுவினார், ஒரு வாளி தண்ணீர்கூட அதிகம் ஊற்றவில்லை. இந்த முறை முதலாளி மேஜையைக் கொல்லையில் போட்டு, மச்சானை, அவன் வாசனையைக் காற்று அந்தப் பக்கமே அடித்துக்கொண்டு போகும் ஓரத்தில் உட்கார வைத்தார்.

அத்தர் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். "அடேயப்பா! ஆரஞ்சு, பைன் மரம், கடைசியில அந்தக் கசப்பு! பார்த்தீங்களா, நான் ஒரு வார்த்தை சொன்னப்புறம் டேங்கை எப்படிக் கழுவியிருக்காங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை அரித்தது, ஆனால் தட்டுவதற்கு அல்ல.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "பீர் பாஸ்! நாளைக்கே குழாய்ல போட்டுடலாம். சந்தோஷம்தானேம்மா?"

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பீர் பாஸாயிடுச்சு சார். அன்னிக்குக் கொட்டினதும் இதே பீர்தான், அது உங்களுக்கும் தெரியும். எனக்கு டேங்க் கழுவத் தெரியாதுன்னு இத்தனை பேர் முன்னாடி சொன்னாரே, அதை இப்ப இவங்க முன்னாடியே வாபஸ் வாங்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் இது குழாய்க்குப் போகாது."

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் கிளாஸைப் பார்த்தான். அண்ணி உட்காரவில்லை.