சத்தமில்லாத பேச்சுக்கு ஒரு விண்ணப்பம்

நான் சத்தமாகப் பேசுகிறவள். இன்றைக்கும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் காபி போதுமா என்று கேட்டால் எதிர்வீட்டிலிருந்து போதும் என்று பதில் வரும். இதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. என் இருபதுகளின் பெரும்பகுதியை ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கோன் வைண்டிங் பிரிவில் கழித்தவள் நான். சிறிய கட்டைகளில் வரும் நூலைப் பெரிய கோன்களில் சுற்றித் தரும் மிஷின்கள் அங்கே வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து மிஷின்காரி தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. காது அடைத்துப்போய் வீட்டுக்கு வந்தால், நாம் பேசுவது நமக்கே கேட்க வேண்டுமே என்று குரல் தானாக உயர்ந்துவிடும்.

ஆனால் மில்லுக்குள் நாங்கள் வாய்மூடி இருந்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். ஷிப்ட் தொடங்கி முடியும்வரை ஓயாமல் பேசினோம். உதட்டை நன்றாக விரித்துக் குவித்து, குரலே இல்லாமல் பேசுவோம். கைகள் நூலில் இருக்கும், ஓய்வாக இருக்கிற விரல் பேச்சுக்கு வரும். மூக்குக்குக் கீழே ஒரு விரலைக் குறுக்கே வைத்தால் மேஸ்திரி வருகிறார் என்று பொருள், அவருக்குப் பெரிய மீசை. கழுத்தில் மூன்று முறை தட்டினால் யாருக்கோ கல்யாணப் பேச்சு நடக்கிறது. அடிவயிற்றில் கை வைத்தால் அன்றைக்கு அவளுடைய மிஷினையும் சேர்த்து நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். புருஷன் அடித்தது, நாத்தனார் நகையைக் கழற்றி வாங்கிக்கொண்டது, ஒருத்திக்கு ஒருவன் மேல் வந்த ஆசை, எல்லாம் மேஸ்திரியின் கண் முன்னாலேயே இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் போய்வரும். அவரோ நடுவழியில் நடந்துகொண்டே, பெண்கள் ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள் என்று மேனேஜரிடம் சொல்வார்.

பி.ஏ., எம்.ஏ. இரண்டையும் தபாலில்தான் படித்தேன். எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். மில் பஸ்ஸில் போகவர உள்ள நேரத்தில் பாடம், வார விடுமுறையில் நூலகம். எம்.ஏ.வுக்குத் தகவல் தொடர்பியலை எடுத்ததற்குப் பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது. பத்திரிகையில் என் பெயர் வரும் என்ற ஆசைதான். அந்தப் பாடத்தில் ஒரு படம் இருந்தது. ஒரு பக்கம் செய்தி அனுப்புகிறவர், மறுபக்கம் பெறுகிறவர், நடுவில் ‘இரைச்சல்’ என்று ஒரு கட்டம். இரைச்சல் புகுந்தால் செய்தி கெட்டுப்போகும் என்று கீழே எழுதியிருந்தது. நூலகம் என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். எங்கள் பிரிவில் இரைச்சல் இருந்ததால்தான் பேச்சே இருந்தது. அமைதியான வீட்டில் சொல்ல வழியில்லாததை எல்லாம் அந்த இரைச்சலுக்குள்தானே சொல்லிக்கொண்டோம்! இது எந்தப் புத்தகத்திலும் இல்லையென்றால் நானே எழுதிவிடலாம் என்று தோன்றியது. அப்படித்தான் எம்.ஃபில். எண்ணம் வந்தது.

வீட்டில் அம்மா, அண்ணன், நான். அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். அண்ணன் போலீஸ் கான்ஸ்டபிள். ஸ்டேஷனில் எல்லாருக்கும் சல்யூட் அடித்துவிட்டு வருகிறவன், அந்தக் கணக்கை வீட்டில் என்னிடம் நேர்செய்வான். விண்ணப்பத்தைப் பார்த்ததும் கேட்டான்.

“எம்.ஏ. முடிச்சாச்சுல்லா? இன்னும் எம்புட்டுதான் படிப்ப?”

“எம்புட்டு இருக்கோ அம்புட்டும்.”

“ஏட்டி, வாய்க்கொழுப்பு கூடிப்போச்சு ஒனக்கு. இந்த வருசம் சீட்டு கெடைக்கலைன்னா ஆலங்குளத்து எடத்த முடிச்சிருவேன். பொறவு மூச்சு விடக்கூடாது.”

ஆலங்குளத்தில் ஒரு பையனுக்கு சிமெண்ட் ஆலையில் நிரந்தர வேலை. படிப்பும் மில்லும் கல்யாணத்துக்குப் பிறகு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணனுக்குக் குடிக்கத் தண்ணீர் மோந்து கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். இந்த எம்.ஃபில். இடம் கிடைக்காவிட்டால் என் வாய் அதோடு அடைபடும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

சான்றிதழ் நகல்களில் அரசு அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்த அலுவலகத்து வாசலிலும் அதற்கென்று நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். எனக்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரி விண்ணப்பத்தையும் புரட்டிப் பார்த்தார்.

“ஆராய்ச்சிக்கா? இதுல மில்லுல வேலைன்னு போட்டிருக்கு?”

“ரெண்டும் ஒரே ஆளுதான் சார்.”

நிமிர்ந்து பார்த்துவிட்டு, மிச்ச நகல்களில் கொஞ்சம் அழுத்தியே கையெழுத்துப் போட்டார்.

நேர்காணல் மதுரையில். மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, இருந்ததில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு தனியாகப் போனேன். நீள மேஜை, தலைக்கு மேலே கடகடவென்று மின்விசிறி. நடுவில் துறைத் தலைவி, கண்டிப்பான முகம். ஓரத்தில் வேறு ஊரிலிருந்து வந்திருந்த வல்லுநர் ஒருவர், பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னேன். என் வழக்கமான குரலில்தான் சொன்னேன்.

“மெதுவாப் பேசுங்கம்மா, நாங்க இங்கதான இருக்கோம்” என்றார் வல்லுநர். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

நூற்பாலைப் பெண்களிடையே ஒலியற்ற தகவல் பரிமாற்றம் என்பது என் தலைப்பு. அவர் அதை ஒருமுறை உரக்க வாசித்துவிட்டு, “இதுல மீடியா எங்க இருக்கு? பத்திரிகை உண்டா, ரேடியோ உண்டா? நாலு பொம்பளைங்க கையை ஆட்டிக்கிறது ஆராய்ச்சியா?” என்றார். அந்தப் படத்தில் இருந்த இரைச்சல் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். முழுதாகச் சொல்லவிடவில்லை. இப்போது எல்லா ஊருக்கும் டி.வி. வந்துவிட்டது, டி.வி.யும் கிராமப் பெண்களும் என்று மாற்றிக்கொள்ளுங்கள், புள்ளிவிவரம் எடுக்கவும் சுலபம் என்றார்.

“மாத்த மாட்டேன் சார். டி.வி.யப் பத்தி எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல.”

துறைத் தலைவி என் தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். வல்லுநர் அவர் பக்கமாகச் சாய்ந்து, மின்விசிறிச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில், வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். கேட்கவில்லைதான். ஆனால் பார்த்துவிட்டேன். ‘மில்லுப் பொண்ணு. ரெண்டு மாசத்துல கல்யாணம் ஆகிப் போயிரும். சீட்டு வேஸ்ட்.’

மில்லில் ஒருத்தி ஒன்று சொன்னால் எதிரே இருப்பவள் உடனே பதில் சொல்லியாக வேண்டும். பழக்கதோஷம். சொல்லிவிட்டேன்.

“கல்யாணம் ஆனாலும் படிப்பேன் சார். சீட்டு ஒண்ணும் வேஸ்ட் ஆகாது.”

பேனா மூடி நின்றது. “நான் ஒண்ணும் சொல்லலையே” என்றார் அவர்.

“சத்தமாச் சொல்லலை. சொன்னீங்க.”

அவர் முகம் சிவந்துபோனது. நீங்கள் போகலாம் என்று துறைத் தலைவி என் கோப்பை மூடினார். மூடும்போது ஒருமுறை என்னைப் பார்த்தார், கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் பெண்கள் எதிரே இருப்பவளுக்குப் புரிய வேண்டும் என்று உதட்டை அசைப்பார்கள். அவரோ புரியக்கூடாது என்று அசைத்தார். எப்படிப் பிடித்தேன்? யோசித்ததில் பதில் கிடைத்தது. அந்த வாக்கியத்தை எத்தனை வாயில் பார்த்திருக்கிறேன்! சித்தப்பா, பெரியம்மா வீட்டுக்காரர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர், என் அண்ணன். பொம்பளைப் பிள்ளை, கல்யாணம், வேஸ்ட் என்று சொல்லும்போது எல்லார் உதடும் ஒரே மாதிரிதான் வளைகிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அதை வாசித்திருப்பேன்.

இடம் இல்லை என்று கார்டு வந்தது. அண்ணன் அதை வாசித்துவிட்டு மீசையை நீவிக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மில்லுக்குப் போனேன்.

எனக்கு எதிர் மிஷினில் ஓர் அக்கா. சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள், என்னைவிடப் பல வருடம் மூத்தவள், கடுகடுப்பான ஆள். என்னவாயிற்று என்று தாடையை உயர்த்திக் கேட்டாள். உள்ளங்கையைத் துடைத்துக் காட்டினேன். ஒன்றுமில்லை, போச்சு. அவள் அடுத்தவளைப் பார்த்தாள். அடுத்தவள் அதற்கடுத்தவளைப் பார்த்தாள். நான் அறுந்த நூலை முடிச்சுப் போடுவதற்குள் வரிசை முழுக்க விஷயம் போய்விட்டது. மேஸ்திரி எங்களுக்கு நடுவேதான் நின்றுகொண்டிருந்தார், பாவம். கடைசி மிஷினிலிருந்து பதில் கிளம்பி ஒவ்வொருத்தி கையாக ஏறிவந்தது. உள்ளங்கையில் விரலால் எழுதி, அந்த விரலை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்கள். திரும்ப எழுது.

ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அக்கா வாய்விட்டே சொன்னாள். அவளும் என்னைப் போலத்தான், அந்தத் தெருவுக்கே கேட்டது.

“ஏட்டி, அவிய சொன்னாவன்னு தலைப்ப கிலைப்ப மாத்திறாத. டி.வி.யப் பத்தி எழுத ஊர்ப்பட்ட ஆளு கெடக்கு. நம்மளப் பத்தி எவ எழுதுவா? அழுதது போதும், மூக்கச் சிந்து.”

அடுத்து ஆலங்குளத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். அண்ணன் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தான், செத்த நேரம் மெதுவாகப் பேசித் தொலை என்று. காபித் தட்டோடு போனேன். வாங்க என்றேன். அந்த ‘வாங்க’வில் மாப்பிள்ளை கையிலிருந்த லட்டு கீழே விழுந்தது. அவனுடைய அம்மா என் அம்மாவின் காதருகே போய், “பிள்ளைக்குக் காது கேக்கும்லா?” என்று கேட்டாள்.

என் அம்மா அதிகம் பேசமாட்டாள். அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, “நல்லாக் கேக்கும். சொல்லாததும் கேக்கும். அவ படிக்கணும்ங்கா, படிக்கட்டும்” என்றாள். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். அந்த இடம் அதோடு நின்றது. பொங்கல்வரை அண்ணன் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

மறு வருடமும் விண்ணப்பித்தேன். அதே தலைப்பு, ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் இந்த முறை வெறுங்கையோடு போகவில்லை. எங்கள் பெண்களின் சைகைகளையும் அவற்றின் பொருளையும் எழுதித் தொகுத்திருந்தேன். ரகசியமாகவே இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்ன சிலவற்றை மட்டும் விட்டுவிட்டேன். அவை இன்றுவரை எங்கேயும் அச்சாகவில்லை.

அதே அறை, அதே மின்விசிறி. நடுவில் அதே துறைத் தலைவி. ஓரத்தில், என் அதிர்ஷ்டம், அதே வல்லுநர். நான் போன வருடத்தைவிட ஒரு பிடி கூடுதலாகவே சத்தமாக வணக்கம் சொன்னேன்.

துறைத் தலைவி கேட்டார், “போன வருஷம் இதே தலைப்பு வேண்டாம்னுதானே சொன்னோம்?”

“ஆமா மேடம். நீங்க வேண்டாம்னு சொன்னீங்க, நான் வேணும்னு சொன்னேன். இன்னும் அது முடியலை.”

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதைச் சிரிப்பு என்று நான் வாசித்தேன். நான் தொகுத்து வந்ததைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அடிவயிற்றில் கை வைக்கும் சைகைக்கு வந்ததும் நின்றார், அந்தப் பக்கத்தைத் திருப்ப அவருக்கு நேரம் பிடித்தது. வல்லுநருக்குப் பொறுக்கவில்லை. ஏதோ சொல்ல அவர் பக்கம் சாய்ந்தார். வாயைத் திறந்தார். அப்போது என்னைப் பார்த்துவிட்டார். நானும் கண்ணை எடுக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஜையிலிருந்த ஃபைலை மெல்ல எடுத்து, முகத்துக்கு நேரே உயர்த்தி, வாயை மறைத்துக்கொண்டு பேசினார்.

“சார், ஃபைலைக் கீழ வச்சிட்டே பேசுங்க” என்றேன். “நாலு பொம்பளைங்க கையை ஆட்டிக்கிறதுதான, அதுக்கு எதுக்கு மறைக்கீங்க?”

மின்விசிறியையும் மீறி அறை முழுக்கக் கேட்டது. துறைத் தலைவி இந்த முறை சந்தேகத்துக்கு இடமில்லாமல் சிரித்தார். சேர்க்கைக் கார்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேர ஒரு மாதம் ஆனது. அதற்காக நான் காத்திருக்கவில்லை. மறுநாளே மில்லில் எதிர் மிஷினைப் பார்த்து உள்ளங்கையை விரித்து, அதை இறுக மூடிக் காட்டிவிட்டேன். அவர் வாயை மறைக்க அந்த ஃபைலைத் தூக்கியபோதே என் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது.