ஒட்டுக்கல் மோதிரம்

கல்யாணமான இரண்டாம் வருடம் என் கணவர் ஆஸ்திரேலியாவிலிருந்து எனக்கு ஓர் ஓபல் மோதிரம் கொண்டுவந்தார். அப்போது அவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். நான் தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். கரிய கல்லுக்குள் பச்சையும் சிவப்பும் நெளிந்தன.

"முழுக் கல்லு. அக்காவுக்கும் உனக்கும் ஒரே கடையில, ஒரே மாதிரி வாங்குனேன்" என்றார்.

தாயில்லாத அவரை வளர்த்து ஆளாக்கியது சாத்தான்குளத்தில் இருக்கும் அந்த அக்காதான், என் மதினி. அவர்களுக்குச் சமமாக என்னையும் வைத்தாரே என்று எனக்குப் பெருமை.

பன்னிரண்டு வருடம் அதை நான் கழற்றவில்லை. பாத்திரம் தேய்த்தேன், மீன் அலசினேன், பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன். போன வருடம் கல்லின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் தெரிந்தது. சோப்பு அழுக்கென்று பிரஷ் போட்டுத் தேய்த்தேன். அது உள்ளே இருந்தது. சில மாதங்களில் பாதிக் கல்லை மூடிவிட்டது.

கடைத்தெருவில் கல் பதிக்கிற அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். சுற்றியிருந்த தங்கத்தை நெம்பி, கல்லை வெளியே எடுத்து, பக்கவாட்டில் திருப்பி லென்ஸைக் கொடுத்தார்.

"ஓரத்தைப் பாருங்க டீச்சர். என்ன தெரியுது?"

மேலே கண்ணாடி போல ஒன்று. நடுவில் காகிதம் போல மெல்லிய வண்ணப் பூச்சு. அடியில் கறுப்பு. இடையில் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல இரண்டு கோடுகள்.

"நடுவுல இருக்கது மட்டுந்தான் ஓபல். கறுப்புத் துண்டு மேல அத ஒட்டி, மேல கண்ணாடிய கவுத்திருக்கான். இதுக்கு ட்ரிப்லெட்டுன்னு பேரு. கண்ணாடி இல்லாம ரெண்டு அடுக்கா ஒட்டுனா டப்லெட். தண்ணி பட்டுப் பட்டு பசை விட்டுட்டு, அதான் மூட்டம்."

"முழுக் கல்லுன்னு சொல்லித்தான் அண்ணாச்சி தந்தாங்க."

அவர் கல்லை மறுபடி திருப்பிப் பார்த்தார். "முழுக் கல்லுலயும் சிலது அடியில பாறையோட வரும். ஆனா அந்தச் சேர்க்கை கோணலும் மாணலுமா இருக்கும். நேர்கோடா இருந்தா மனுசன் ஒட்டுனது" என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரன் என் கணவரை ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். அவர் மனம் நோகுமே என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சாத்தான்குளம் போனோம். முறுக்குக்கு மாவு பிசைய மதினி மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார்கள். ஜன்னல் பக்கம் போய் ஓரத்தைப் பார்த்தேன். வண்ணத்துக்கு அடியில் பழுப்புப் பாறை. இரண்டும் சேருகிற இடம் ஆற்றங்கரை மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. ஒட்டே இல்லை.

"ஏளா, உன் மோதிரத்த எங்க? போடாம வந்துருக்க" என்றார்கள் மதினி.

"வெரலு வீங்கியிருக்கு மதினி" என்றேன்.

திரும்பும் வழியில், பிள்ளைகள் பின் சீட்டில் தூங்கியபிறகு, இரண்டு கல்லும் ஏன் வேறு வேறு என்று கணவரிடம் கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அக்கா எனக்கு அம்மா மாதிரி. அவளுக்கு நல்லதா எடுத்தேன். உனக்கு அது போதும்னு நெனச்சேன். வித்தியாசமா தெரியப் போவுது?"

"அவங்களுக்கு நல்லத குடுத்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எங்கிட்ட ஏன் முழுக் கல்லுன்னு சொன்னீங்க?"

"ஏளா, ஒட்டுக்கல்லுன்னு சொல்லியிருந்தா நீ போட்டிருப்பியா?"

போட்டிருப்பேன். அவர் கையால் தந்தது என்றே போட்டிருப்பேன். அதைச் சொன்னபோது அவர் லேசாகச் சிரித்தார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்த சிரிப்பு அது.

அண்ணாச்சி அந்தக் கல்லைப் பிரித்து ஒட்டித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். இப்போது என் கணவர் எதைச் சொன்னாலும், காய் வாங்கிய கடையைச் சொன்னால்கூட, மெய்தானா என்று மனம் ஒருமுறை திருப்பிப் பார்க்கிறது. பன்னிரண்டு வருடம் இந்தப் பழக்கம் எனக்கு இருந்ததில்லை.