ஆயில் குடிக்கும் இஞ்சினும் கிருஷ்ணம்மாவும்

திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையில் ஏகாம்பரம் மேஸ்திரியின் மெக்கானிக் ஷெட் இருந்தது. பிரித்துப் போட்ட சாமான்களை அங்கே மண்ணெண்ணெயில் கழுவி வைப்பது கிருஷ்ணம்மாவின் வேலை. தமிழ்நாட்டு எல்லையோரத்துக் குடிபாலாவுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. ஆறு வருஷம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்து, அங்கே சண்டை மூண்டதும் உடுத்திய துணியோடு விமானம் ஏறித் திரும்பியவள். ஸ்பேனரை அவள் தொட்டாலே மேஸ்திரிக்கு மூக்கின் மேல் கோபம் வரும். "பொம்பள கை பட்டா போல்ட் நிக்காது" என்பார். இந்த மகா ஞானத்தை எந்தக் கல்லூரியில் படித்தாரோ தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. ஊரில் புதுப் பணக்காரர்கள் மளமளவென்று முளைத்துக்கொண்டிருந்தார்கள். கல் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஹரிபாபு அவர்களில் ஒருவர். பெங்களூரில் ஒரு பழைய ஜப்பான் காரை ஆசைப்பட்டு வாங்கி வந்திருந்தார். ரோட்டரி இஞ்சின். அதில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. ஓரம் உப்பிய சமோசா மாதிரி இரண்டு ரோட்டர்கள் தனித்தனி அறையில் சுழலும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு மெல்லிய சீல் காற்று ஒழுகாமல் அடைத்துக்கொண்டே போகும். போன மாதம் சர்வீசுக்கு வந்தபோது ஜம்மென்று ஓடிய வண்டி, இப்போது திருமலைப் பாதையில் முதல் வளைவிலேயே இழுக்க முடியாமல் நின்றுவிட்டதாம். கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

மேஸ்திரி காலையிலிருந்து ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து ஸ்டார்ட் செய்து பார்த்தார். அசையவில்லை. பிளக்கைக் கழற்றி, உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜைச் சொருகிப் பார்த்தார். இரண்டு பக்கமும் முள் பாதிகூட ஏறவில்லை.

"இஞ்சின் செத்துப்போச்சு சார். தூக்கிக் கடாசிட்டு டீசல் இஞ்சின் போட்டுடலாம்" என்றார். அந்தக் காலத்தில் எந்த பெட்ரோல் வண்டிக்கும் மேஸ்திரிகள் சொன்ன ஒரே வைத்தியம் அதுதான். தலைவலிக்கும் அதுவே, கால்வலிக்கும் அதுவே. ஹரிபாபுவின் முகம் தொங்கிவிட்டது.

கிருஷ்ணம்மா கழுவிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தாள். "அது சாவல சார். அந்தச் சின்ன ஆயில் பைப்ப அடைச்சு வெச்சாங்களே, அதால வந்த வெனை."

போன சர்வீசில் வண்டி ஆயில் குடிப்பதை மேஸ்திரி கண்டுபிடித்திருந்தார். லாரி இஞ்சினோடு பிறந்து வளர்ந்தவருக்கு அது பெரிய வியாதி. இஞ்சினுக்குள் ஆயில் போகும் மெல்லிய பைப்பை இறுக்கி அடைத்து, அதைப் பெருமையாக ஹரிபாபுவிடம் சொல்லியும் இருந்தார்.

"இது ஆயில துன்னுதான் ஓடும்" என்றாள் கிருஷ்ணம்மா. "சீலு வழுக்கிக்கினு போவ அது வேணும். அது இல்லாம காஞ்சி கீது. போதாததுக்கு காலைலேந்து பெட்ரோல ஊத்தி, மிச்சம் இருந்த பசையையும் கழுவியாச்சு."

"ஏ, பாத்திரம் கழுவப் போனவ இஞ்சின் கதை சொல்றா பாருடா!" என்று மேஸ்திரி சிரித்தார். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாத்திரம் கழுவத்தான் போனாள், உண்மைதான். அந்தக் குவைத் வீட்டு மூத்த மகனுக்கு இதே மாதிரி காரில் பைத்தியம். வாரம் தவறாமல் பிளக்கைக் கழற்றுவான். அவன் சாவியைத் திருப்ப, இவள் பிளக் ஓட்டையருகே நின்று காற்று வரும் சத்தத்தை எண்ணிச் சொல்ல வேண்டும். ரோட்டருக்கு மூன்று முகம், ஆகவே மூன்று அடி. மூன்றும் சமமாக விழ வேண்டும். ஒன்று மட்டும் மெலிந்தால் ஒரு மூலை சீல் சரியில்லை என்று அர்த்தம். ஆறு வருஷம் எண்ணிய காது அது.

"நான் சொன்னது தப்புன்னா நாளைலேந்து இந்த ஷெட்டுப் பக்கம் வர மாட்டேன். சரின்னா நாளைலேந்து நானும் மேஸ்திரிதான். கழுவற வேல செய்ய மாட்டேன். இன்னா சொல்றீங்க?"

ஹரிபாபு முந்திக்கொண்டு "சரேம்மா, பாரு" என்றார். வண்டிக்காரரே சொன்ன பிறகு ஏகாம்பரம் என்ன செய்வார்? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் நான்கு பிளக்கையும் கழற்றி, இஞ்சினைச் சுற்றவிட்டு உள்ளே தேங்கிய பெட்ரோலைக் கக்க வைத்தாள். ஓட்டைகளில் கொஞ்சம் கொஞ்சம் ஆயில் விட்டு, கையாலேயே மெதுவாகச் சுற்றினாள். அடைத்த பைப்பைத் திறந்தாள். பிறகு ஹரிபாபுவைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டுக் காது கொடுத்தாள். முன் ரோட்டரில் தப், தப், தப். மூன்றும் சமம். பின்னால் இரண்டு பலமாக விழுந்தன, மூன்றாவது நோஞ்சான்.

"முள்ளு ஏறுதான்னு பாத்தா இது தெரியாது" என்றாள் மேஸ்திரியைப் பார்த்து. "மூணுல எது பெருசோ அத மட்டுந்தான் அந்த கேஜு காட்டும். பின்னாடி ஒரு சீலு ஒட்டிக்கினு கீது. சூடாயி ஓடினா வுட்டுடும்னு நெனைக்கிறேன். வுடலன்னா பிரிக்கணும்."

பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தபோது கிளம்பிய புகையில் ஷெட்டே மறைந்தது. எல்லோரும் இருமினார்கள். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கிருஷ்ணம்மா யாரையும் கேட்காமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "மலைக்கு வுடுங்க சார்" என்றாள்.

நின்றுபோன வளைவு வந்தது. அங்கே வண்டி திணறவில்லை. வண்டி அடுத்த வளைவையும் தாண்டியது. "பாகா லாகுதுந்தே! நல்லா இழுக்குது!" என்று ஹரிபாபு ஸ்டியரிங்கைத் தட்டினார். மேலே போய் வண்டியை அணைத்து, சூடாகவே மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். ஒரே திருப்பலில் பிடித்துக்கொண்டது.

"இவ்ளோ தூரம் வந்துட்டு தரிசனம் பண்ணலயா?"

"சாமி இங்கயேதான் இருப்பாரு சார். மேஸ்திரி எழுந்து வூட்டுக்குப் போயிடுவாரு."

இறங்கி வந்து மறுபடி பிளக்கைக் கழற்றிக் கேட்டாள். மூன்றாவது அடியும் மற்ற இரண்டோடு சேர்ந்துகொண்டது. மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆயில் வுட்டா ஓடும்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது சார்" என்றார்.

"எனக்கு சந்தேகமே இல்ல" என்றாள் கிருஷ்ணம்மா.

அப்போது ஒரு ஜீப் இருமிக்கொண்டே உள்ளே வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "இங்க மேஸ்திரி யாருங்க?" என்று கேட்டான்.

ஏகாம்பரம் ஸ்டூலைவிட்டு எழுவதற்குள் அவள் முன்னே போய் நின்றாள். "நாந்தான். பானட்ட தொற."