கூடத்து நெல்லும் இரண்டாவது ரூட்டரும்

"...நிச்சயமா யாரோ கண்ணு வச்சிருக்காங்கக்கா! இல்லன்னா புது ரூட்டர் இப்படி மக்கர் பண்ணுமா? பேச ஆரம்பிச்சதும் அறுந்து போவுது. நான்தான் வேணும்னே கட் பண்றேன்னு அவரு கோவிச்சுக்கிட்டு இப்ப கூப்பிடுறதே இல்ல!"

கண் வைத்தவள் நான்தான். கையும் வைத்தேன்... உங்களிடம்தான் இதை முதன்முதலாகச் சொல்கிறேன்.

இப்படிப் புலம்பிய செல்வி என் கொழுந்தனின் மனைவி. அவன் குவைத்தில். ஒரே வீடு, முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் அவள். அந்த வருடம் சம்பா அறுத்ததும் மழை. கொள்முதலுக்கு முறை வரும்வரை ஈர நெல் மூட்டைகளை நடுக்கூடத்தில் உத்தரம் வரை அடுக்கினோம். ஈர நெல் வைஃபையைக் குடித்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது! முன்கட்டு ரூட்டரின் சிக்னல் பின்கட்டுக்குப் போகவே இல்லை.

"வீடியோ பாத்தே மிக்சியப் பிரிச்சு மாட்டினவங்க நீங்க, உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றாள் செல்வி.

கேபிள் இழுத்தேன். பின்கட்டில் இரண்டாவது ரூட்டரை மாட்டினேன். நன்றாக வேலை செய்தது. அதுதான் வினை!

சாயங்காலமானால் அங்கிருந்து சிரிப்புச் சத்தம். "என்ன கொழம்பு? அந்தப் பச்சைப் புடவையில வந்து நில்லு" என்பான் அவன். என் கணவர்? வயலிலிருந்து வருவார், தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுவார், படுத்துவிடுவார். கடல் தாண்டி இருப்பவன் அவளைப் பார்க்கிறான், பக்கத்தில் இருப்பவர்... வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது! அதுவும் நான் இழுத்துக் கொடுத்த கேபிளில்!

வீட்டுப் போன்களுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும் வேலையை ஒரு ரூட்டர்தான் பார்க்க வேண்டும். இரண்டாவதில் அதை அணைத்துவைக்க வேண்டும். அணைத்துத்தான் வைத்திருந்தேன். ஒரு மத்தியானம், அவள் துணி துவைக்கப் போயிருந்தபோது, மறுபடி போட்டுவிட்டேன். ஒரே வாய்க்காலுக்கு இரண்டு பேர் முறை வைத்தால் என்ன ஆகும்? யார் வயலுக்கும் ஒழுங்காகத் தண்ணீர் போகாது. என் போனும் சேர்ந்து தடுமாறியது. பொறுத்துக்கொண்டேன்!

அவர்களுக்குள் சண்டை வரும் என்று தெரிந்தா செய்தேன்? இல்லை என்று சொல்ல ஆசை... சொல்ல முடியவில்லை.

பிற்பாடு சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டேன். அவனும் பேசத் தொடங்கினான். ஆனால் அந்தச் சிரிப்பு? அது பழையபடி கேட்கவில்லை. என் காது மட்டும் இன்னும் பின்கட்டிலேயே கிடக்கிறது.

கண் பட்டுவிட்டது என்று அவள் புலம்பிய அன்றே சொல்லியிருக்கலாம். "கண்ணாவது மண்ணாவது, போடி!" என்றேன்.

அவள் கேட்கவில்லை. கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் அள்ளிவந்து ரூட்டரைச் சுற்றினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்காக இவ்வளவு பாடுபட்டீங்களே, உங்க மேலயும்தான் பட்டிருக்கும். கிழக்கப் பாத்து உக்காருங்கக்கா" என்று அதே உப்பையும் மிளகாயையும் என் தலையைச் சுற்றி, "துப்புங்க" என்று மூடிய கையை என் வாயருகே நீட்டினாள்.