கோழிகள் விலகி நின்ற வழி

பேய் ராத்திரியில்தான் வரும் என்று முதலில் சொன்ன ஆள் நிச்சயமாகக் கோழிக் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்திருக்க மாட்டார். நான் சொல்லப்போவது பட்டப்பகலில் நடந்தது. மத்தியானம் மூன்று பத்துக்கு. ஒரு நாள் இல்லை, தொடர்ந்து நான்கு நாள். பார்த்தது என் கூடப்பிறந்த அக்கா. அவளை அரிச்சந்திரன் வீட்டுப் பெண் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சின்ன வயதில் டப்பாவில் இருந்த சர்க்கரையைத் தின்றுவிட்டு எறும்பு மேல் பழி போட்டவள்தான். ஆனால் இந்த நான்கு நாட்களைப் பற்றி எத்தனை தடவை மடக்கி மடக்கிக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். நேரம்கூட மாறாது.

அக்கா பயந்த சுபாவம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் வார்டு ஆயாவாக இருந்தவள். உயிர் போன உடம்பைத் தனியாகக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிவிட்டு வந்து, கை கழுவிச் சாப்பிட உட்காருவாள். மாமாவுக்கு வேலை மாற்றலானதால் வீட்டை மாற்றினார்கள். புது வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ரொம்ப தூரம். பக்கத்தில் கிடைத்தது கோழிப் பண்ணை வேலைதான்.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் அவளைக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். சின்ன வயசுக்காரர், எப்போதும் அவசரம்.

"செருப்பை வெளிய விடணும், பூட்ஸ் போட்டுக்கணும். மருந்துத் தண்ணியில காலை முக்கிட்டு உள்ள போகணும். செத்ததைப் பொறுக்கணும், கார்டுல எழுதணும். அவ்வளவுதாம்மா வேலை."

"முன்னாடி யாரு பார்த்தாங்க?"

"ஒருத்தன் இருந்தான். சொல்லாம கொள்ளாம ஓடிட்டான்."

"அவனுக்கு முன்னாடி?"

"பழைய ஆள். ரொம்ப வருஷம் இருந்தார். உடம்பு முடியலைன்னு நின்னுட்டார்." சொல்லிக்கொண்டே சூப்பர்வைசர் வண்டியைக் கிளப்பிவிட்டார். கொட்டகைக்குள் அவர் வரவே இல்லை.

கதவைத் திறந்ததும் கண்ணில் மிளகாய்ப் பொடி விழுந்தது போல் எரிந்தது. கோழி எச்சத்தின் நெடி. நூற்று முப்பது அடி வைத்தால்தான் அந்தக் கோடிச் சுவர் வரும். ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே எப்போதும் விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு. கோடியில் ஆள் உயர ஃபேன்கள் இரைந்துகொண்டே இருந்தன. தரை முழுக்க உமி. உமி தெரியாத அளவுக்குக் கோழிகள். இருபதாயிரம்.

முதலில் அக்காவை உறுத்தியது அவற்றின் குரல்தான். முப்பத்தொரு நாள் வயது. உடம்பு முழுக்கோழி, குரல் மட்டும் குஞ்சு. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து கீச் கீச் என்று... நெஞ்சுச் சதை முன்னால் தள்ளியதில் பாதிக் கோழிகளால் நாலடி நடக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. சில மல்லாந்து விழுந்து, எழுந்திருக்கத் தெரியாமல் காலை உதைத்துக்கொண்டிருந்தன. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டி உட்கார வைத்தாள். அக்கா நடக்கும்போது முன்னால் இருந்தவை அரக்கப் பரக்க விலகின. அவள் தாண்டியதும் பின்னால் வந்து மூடிக்கொண்டன. இடுப்பளவு தண்ணீரில் நடப்பது போல இருந்தது என்றாள்.

அன்று மத்தியானம் செத்தவற்றைப் பொறுக்க இரண்டாம் தடவை உள்ளே போனாள். வாளியில் ஏழு சேர்ந்திருந்தன. எட்டாவதை எடுக்கக் குனிந்தாள்.

கீச் சத்தம் நின்றுவிட்டது.

குறையவில்லை, நின்றுவிட்டது. இருபதாயிரம் கோழிகளும் ஒரே நொடியில். ஃபேன் இரைச்சல் மட்டும் பாக்கி. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து.

அப்போது அந்தக் கோடியிலிருந்து ஒரு இருமல் கேட்டது. மனுஷ இருமல். நெஞ்சிலிருந்து சளியைப் பெயர்த்துக்கொண்டு வரும், நாள்பட்ட இருமல். வார்டில் அவள் ஆயிரம் தடவை கேட்டது.

"யாரு அங்க?"

கோடிச் சுவர் வரை போய்ப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. மூன்று பதினாலுக்கு, சாவி கொடுத்தது போல எல்லாக் கோழிகளும் மறுபடி கத்த ஆரம்பித்தன.

புது இடம், நெடி தலைக்கு ஏறியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோழிகள் தும்மின. நாற்பது செத்துக் கிடந்தன. போன் போட்ட அரை மணி நேரத்தில் சூப்பர்வைசர் ஒரு மருந்து டப்பாவோடு வந்தார். கதவோரம் ஸ்டாண்டு மேல் ஒரு டிரம் இருந்தது. அதில் மருந்தைக் கரைத்துக் குழாயைத் திறந்துவிட்டால் எல்லாக் கோழிக்கும் குடிதண்ணீரோடு போய்விடும்.

அக்கா டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பேரு நான் வார்டுல பார்த்திருக்கேன் சார். எந்த மருந்தும் கேக்கலைன்னா மனுஷங்களுக்குக் கடைசியா போடுற ஊசி."

"இருக்கும்மா. கோழிக்கும் கேக்குது இல்ல."

"கொடுத்து ஏழு நாள் கழிச்சுத்தான் வெட்டணும்னு போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை வண்டி வருதுன்னீங்க."

"கார்டுல போன வாரத் தேதி போட்டுக்கலாம். எல்லாக் கொட்டகையிலயும் அப்படித்தான். இதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அக்கா வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது நாள்தான். மருந்தைக் கரைத்துக் குழாயைத் திறந்துவிட்டாள். ஆனால் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. கழுவிய வாளியையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

மூன்று பத்து.

சத்தம் நின்றது. இருமல். இந்தத் தடவை அவள் நிமிர்ந்தே நின்றாள்.

கோடியில் கோழிகள் விலகின.

ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு உமி தெரிந்தது. அந்த வெற்றிடம் நகர்ந்தது. முன்னால் இருந்தவை விலக, பின்னால் இருந்தவை மூட, மெதுவாக... ஒவ்வொரு அடியாக... ஓரிடத்தில் நின்றது. குனிந்து எதையோ எடுக்கிற நேரம் நின்றது. மறுபடி நடந்தது. அதில் ஆள் இல்லை.

கொட்டகையின் நடுப்பகுதி வரை வந்தது. மூன்று பதினாலுக்கு மூடிக்கொண்டது.

அக்கா வெளியே வந்து, வெயிலில் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து, சுடச்சுட இரண்டு டம்ளர் டீ குடித்தாளாம். வீட்டில் மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பிடிக்கலைன்னா விட்டுடு. நான் இருக்கேன்ல," என்றார். அவள்தான், பாதியில் விட்டுவிட்டு வருவது சரியில்லை, வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன் என்றாள்.

புதன்கிழமை காலை மருந்துக் குழாய் மூடியிருந்தது. டிரம்மில் முக்கால்வாசி மருந்து அப்படியே இருந்தது.

போன் போட்டாள். "நீங்க வந்து மூடினீங்களா சார்?"

"எனக்கு வேற வேலை இல்லையா? திறந்து விடுங்க."

திறந்துவிட்டாள். அன்று கதவைத் தாண்டி உள்ளே போகவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். மூன்று பத்துக்கு அது கிளம்பியது. நின்றது, குனிந்தது, நடந்தது. இந்த முறை நடுவில் மறையவில்லை. நேராக டிரம் பக்கம் வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மூன்று பதினைந்து. கோழிகள் கத்திக்கொண்டிருந்தன.

குழாய் மூடியிருந்தது.

அன்று நாளெல்லாம் மறுபடி அதைத் தொட அவளுக்குத் துணிவு வரவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து, கதவருகே நின்றபடியே டிரம்மை எட்டிப் பார்த்தார்.

"மருந்து பாதிகூட இறங்கலையே. தும்மல் அப்படியே இருக்கு. நாளைக்கு எடை குறைஞ்சா யாரு பதில் சொல்றது?"

"குழாய் தானா மூடிக்குது சார்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அவனும் இதையேதான் சொன்னான். ஓடிப்போனவன்," என்றார். பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்கா குழாயைத் திறந்தாள். அது மூடுகிறதா, யார் மூடுகிறார்கள் என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். மூன்று மணிக்கே டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவளைச் சுற்றிக் கோழிகள்.

மூன்று ஐந்து... மூன்று எட்டு...

மூன்று பத்து. சத்தம் நின்றது.

இருமல்.

கோடியில் வழி பிரிந்தது. இன்று அது எங்கும் நிற்கவில்லை. குனியவில்லை. நேராக வந்தது.

ஐம்பது அடி.

இருபது.

உமி நசுங்குகிற சத்தம் கேட்டது. சரக்... சரக்...

அக்காவின் காலடியில் இருந்த கோழிகள் விலகின. அவளுக்குப் பின்னால் இருந்தவையும் விலகின. அவளும் அதுவும் ஒரே வட்டத்துக்குள்.

காதோரம் இருமல்.

சூடான மூச்சு.

குழாயின் பிடி... திரும்பியது.

மெதுவாக.

அவள் கண் முன்னால்.

மூடியது.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. ஒரு பூட்ஸ் உள்ளேயே கழன்று கிடந்தது. அரை மணி நேரம் கழித்து, கதவு வெளிப்பக்கத்தில் மாட்டியிருந்த கார்டை எடுத்து, மருந்து கரைத்த உண்மையான தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். கீழே 'ஏழு நாள் ஆகவில்லை' என்று சேர்த்து எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு லாரிகள் வரிசையாக வந்தன. பிடிக்கிற ஆட்கள் ஒரு கைக்கு நாலு கோழி என்று காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, கூண்டுகளில் திணித்தார்கள். சூப்பர்வைசர் கார்டைப் பார்த்தார். கிழித்தார். புதுக் கார்டில் தானே தேதி எழுதினார்.

"யாருக்கு நல்லது பண்றதா நெனப்பு?" என்றார் அக்காவிடம்.

அக்கா முதல் லாரிக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நான் ஓட்டுறவன்மா. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார். எட்டு இருபதுக்கு அந்த லாரி போய்விட்டது. அக்கா பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அதோடு வேலையும் போனது.

அவளால் வீட்டில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். வாசலில் நின்றுவிட்டு மாடிக்குப் போவாள். பால் பொங்கி வழியும். ஞாயிற்றுக்கிழமை பண்ணை வாட்ச்மேனைப் பிடித்து, அந்தப் பழைய ஆள் எப்போது செத்தார் என்று கேட்டாள்.

"செத்தாரா? யாரு சொன்னா? ஆஸ்பத்திரியில இருக்காரு," என்றார் வாட்ச்மேன்.

அது அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரிதான். பழக்கமான நர்ஸ் ஒருத்தி, முகத்துக்கும் உடம்புக்கும் உறை மாட்டிவிட்டு, தொற்றுக்காரர்களைத் தனியாக வைத்திருக்கிற வார்டுக்குள் அழைத்துப்போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் அவர். தொண்டையில் குழாய், எலும்பும் தோலுமாக. நாற்பத்தெட்டு நாளாக நினைவில்லை. நெஞ்சில் கிருமி. எந்த மருந்துக்கும் அது மசியவில்லை, கடைசி மருந்துக்கும்தான், என்றாள் நர்ஸ்.

"கொஞ்சம் இருங்கக்கா. மூணு மணி தாண்டினதும் ஒண்ணு நடக்கும். டாக்டருங்களுக்கே புரியலை."

மூன்று பத்துக்குப் போர்வைக்குள் அவர் கால்கள் அசைந்தன. வலது, இடது. வலது, இடது. நடந்தன. கொஞ்ச தூரம் நடந்ததும் நின்றன. வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கி, எதையோ பொறுக்கி எடுத்தது. மறுபடி கால்கள் நடந்தன.

"தினமும் இப்படித்தான். முன்னாடி சில நாளும், இப்போ செவ்வா ராத்திரி, புதன், வியாழன்னும் கையை வேற மாதிரி ஆட்டினாரு," என்றாள் நர்ஸ். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, எதையோ திருகி மூடுவது போலக் காட்டினாள்.

அக்கா போர்வை உரசுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். சரக்... சரக்... அந்தச் சத்தம் ஒரே இடத்திலிருந்து வரவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு நடுவயதுப் பெண். கண் மூடியிருந்தது. போர்வைக்குள் கால்கள் நடந்துகொண்டிருந்தன.

"இவங்களும் கோழிப் பண்ணையா?"

"இல்லக்கா. கிருமி மட்டும் அதேதான். வீட்டுலயே துணி தைக்கிறவங்க. பண்ணைப் பக்கமே போனதில்லையாம். ஞாயித்துக்கிழமையானா கடையில கோழி வாங்கி, கழுவி, சமைப்பாங்களாம். அவங்க வீட்டுக்காரரு சொன்னாரு."

அக்கா இப்போதும் வாரம் ஒரு தடவை அந்த வார்டுக்குப் போகிறாள். மூன்று பத்துக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, எத்தனை கட்டிலில் கால்கள் நடந்தன என்று மட்டும் என்னிடம் சொல்கிறாள். முதல் தடவை, இரண்டு கட்டில்.

போன வாரம், ஐந்து.