பெல்ட்டுல போன ஒத்தச் செருப்பு

போன வருசம் சித்திரை வெயில்ல, திருநெல்வேலிக்கு வெளிய தூத்துக்குடி ரோட்டுல இருக்க ஒரு பருப்பு குடோன்ல நடந்தது இது. நான் அங்க லோடுமேன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் எழுதுது, தப்பு இருந்தா அது தலையில போட்டுருங்க.

முன்னெல்லாம் துறைமுகத்துல இருந்து கண்டெய்னர் வந்தா எட்டுப் பேரு உள்ள ஏறுவோம். மூட்டைக்கு ஒரு வசவு, மூட்டைக்கு ஒரு சிரிப்பு. யாரு வீட்டுக் குழம்புல உப்பு இல்லங்கிறது வரைக்கும் அதுக்குள்ளதான் தெரியும். அப்புறம் முதலாளி பெல்ட்டு மிஷினு வாங்கினாரு. அது நீண்டுக்கிட்டே கண்டெய்னருக்குள்ள வரும். மூட்டைய அதுமேல சாச்சா போதும், தன்னால வெளிய போயிரும். குத்தம் சொல்லக் கூடாது, இடுப்பு வலி போச்சு. கூடவே ஆளுகளும் போயிட்டானுவ. உள்ள நான் மட்டும் ஒத்தையில. வீட்டுக்காரியும் மகளுக்குப் பேறுகாலம்னு அம்பாசமுத்திரம் போயிட்டா. காலையில டீக்கடையில பேசினா, மறுநா டீக்கடையிலதான் அடுத்த பேச்சு.

என் வாயி சும்மா கெடக்குமா? மூட்டைக்கு நடுவுல பெல்ட்டுல எதையாவது அனுப்புவேன். ஒருநா துண்டு, ஒருநா பாதி கடிச்ச வடை. ஒருநா நானே மல்லாக்கப் படுத்துப் போனேன், மாலை ஒண்ணுதான் பாக்கி. பெல்ட்டோட அந்தக் கடைசியில மூட்டைய எடுத்து அடுக்குதவன் என் பழைய கூட்டாளி. "அழுகின சரக்கு ஒண்ணு வருது வே"ன்னு சிரிப்பான். அந்தச் சிரிப்பக் கேக்கத்தான் அம்புட்டுக் கூத்தும். அவன்கூட ஒடிசாக்காரரு ஒருத்தரு, என் வயசுதான் இருக்கும். தமிழ் தெரியாது. நான் என்ன பண்ணினாலும் சிரிக்க மாட்டாரு. அவரப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வரும்.

அன்னைக்கு மத்தியானம். மூட்டைய மேல இருந்துதான் எடுக்கணும். ஏறுததுக்குச் சோம்பப்பட்டு நடுவுல ஒண்ண உருவினேன். அடுக்கி வச்ச அட்டி மொத்தமும் பைய சாஞ்சு என் மேல வந்துட்டு. இடுப்புக்குக் கீழ அசைக்க முடியல, நெஞ்சுல ஒரு மூட்டை. கத்தினா காத்துதான் வருது. தகரம் அடுப்பாட்டம் காயுது. ஒரு கை மட்டும் பெல்ட்டுக்கு எட்டிச்சு. கழுத்துல கெடந்த துண்ட உருவிப் போட்டேன்.

"ஆரம்பிச்சுட்டான்லே"ன்னு கூட்டாளி கத்துதான். மூட்டை வராதத, நான் பீடிக்கு உக்காந்துட்டேன்னு நெனச்சிருக்கான்.

பெல்ட்டு ஓரமா கழத்தி வச்சிருந்த செருப்பு கையில பட்டுது. அதையும் போட்டேன்.

"அடுத்து கைலி வரும், எல்லாரும் கண்ண மூடிக்கிடுங்க வே."

குடோனே சிரிக்குது. நல்ல தமாஷுதான், மூச்சு இருந்திருந்தா நானும் சிரிச்சிருப்பேன். இந்தச் சிரிப்புக்குத்தான நாளெல்லாம் ஏங்கினேன். அதக் கேட்டுக்கிட்டே சாவப் போறேன்னு நெனச்சேன்.

அப்போ யாரோ உள்ள வார சத்தம். கையில என் ஒத்தச் செருப்போட அந்த ஒடிசாக்காரரு. அவருக்கு என் தமாஷு எங்க புரியுது? பாவம், செருப்பு தவறி விழுந்துட்டு, வெளிய வந்தா வெயில்ல இவன் கால் பொசுங்குமேன்னு கொடுக்க வந்திருக்காரு. என்னயப் பாத்ததும் அவரு பாசையில போட்ட கூப்பாட்டுல பெல்ட்டு நின்னுட்டு, கூட்டாளி ஓடியாந்துட்டான். ஆஸ்பத்திரி போற வரைக்கும் அவன் என் காலப் பிடிச்ச பிடிய விடல. ரெண்டு விலா எலும்புல கீறல், அம்புட்டுதான்.

இப்ப பெல்ட்டு நுனியில, உள்ள இருந்தே நிப்பாட்ட ஒரு செவப்பு சுவிட்சு வச்சிருக்காங்க. கண்டெய்னருக்குள்ள ரெண்டு பேரு இருக்கணும்னும் சொல்லிட்டாங்க. கூட யாரு வேணும்னு கேட்டப்போ நான் ஒடிசாக்காரரக் கைகாட்டினேன், கூட்டாளிக்கு இன்னும் அதுல வருத்தம். அவரு இன்னைக்கும் என் பேச்சுக்குச் சிரிக்கிறதில்ல. ஆனா நான் பேச்ச நிப்பாட்டினா மூட்டையக் கீழ வச்சிட்டுத் திரும்பிப் பாக்காரு. இத்தன வருசம் சிரிக்க வைக்கவே ஆளு தேடிட்டேன், எனக்குத் தேவைப்பட்டது அந்தத் திரும்பிப் பாக்கிற ஆளுதான்.